வடவெம்பிளியின் அலையும் குழாய் இல்லாத ஊர்களின் கசடும்

நுண்ணலை என்றதும் சமையலறை மேசையில் இருக்கும் மைக்ரோவேவ் பெட்டிதான் நினைவுக்கு வரும். அந்தப் பெட்டிக்குள் அலையை எழுப்பும் மேக்னட்ரான் குழல், பரிசோதனை மேசையை விட்டு இறங்கித் தொழிற்சாலையில் செய்யக்கூடிய கருவியானது 1940இல், லண்டனின் வடவெம்பிளியில். வெம்பிளி வீடுகளின் கழிவுநீரோ ஐசல்வொர்த்தில் உள்ள மோக்டன் சுத்திகரிப்பு நிலையத்தில் போய்ச் சேர்கிறது. அலையும் கழிவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பல பத்தாண்டுகள் இருந்தன. கடந்த கால்நூற்றாண்டில்தான் கனடா, கொரியா, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் கழிவுநீர்க் கசட்டை நுண்ணலையில் வைத்துப் பார்க்கத் தொடங்கின.

இந்த ஆய்வுகள் நல்ல பலன் தந்திருக்கின்றன. கசடு விரைவில் சூடாகிறது, கிருமி சாகிறது, செரிமானத்தில் எரிவாயு கூடுகிறது. அப்படியானால் பெரிய நிலையங்கள் ஏன் இன்னும் நீராவியையே நம்புகின்றன? விடை எரிசக்தியின் வரவு செலவில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெளிவாகும். நுண்ணலைக்கு உரிய இடம் வெம்பிளி அன்று. நிலத்தடிக் குழாய் இல்லாமல், வீட்டுக்கு வீடு மலக்குழி வைத்து வாழும் யாழ்ப்பாணமும் தமிழ்நாட்டின் சிற்றூர்களும்தான் அதற்கு ஏற்றவை. இந்தக் கட்டுரையின் வாதம் இதுவே.

வடவெம்பிளியில் வடிவம் பெற்ற குழல்

பிரிட்டனின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, கிளிஃபர்ட் பேட்டர்சன் தலைமையில் 1919இல் ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அதற்கென்று வடவெம்பிளியின் ஈஸ்ட் லேனில் கட்டிய ஆய்வுக்கூடம் 1923இல் திறக்கப்பட்டது. மின்விளக்கும் வானொலிக் குழலும் அங்கே ஆராயப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்தபோது ராடாரும் சேர்ந்துகொண்டது.

1940 பெப்ரவரி 21 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் குழிவு மேக்னட்ரானை முதன்முதலாக இயக்கினார்கள். செம்புக் கட்டையில் துளைத்த ஆறு குழிகள், நடுவில் எலெக்ட்ரானை உமிழும் எதிர்மின்வாய், சுற்றிலும் காந்தப்புலம். சுமார் 10 சென்டிமீட்டர் நீள அலையில் 400 வாட் அளவுக்கு ஆற்றல் வந்தது. அதுவரை அந்த அலைநீளத்தில் எவரும் எட்டாத அளவு அது. ஆனால் கருவி மேசையை விட்டு நகராது. காற்றை உறிஞ்சும் பம்பு ஓயாமல் ஓட வேண்டும், மின்காந்தமோ பெரும் பாரம். அதை விமானத்தில் ஏற்ற வழியில்லை.

அந்த வழியைக் கண்டவர் வெம்பிளி ஆய்வுக்கூடத்தின் எரிக் மெகா. குழலை நிரந்தரமாக அடைத்து மூடினார். காற்றாலேயே குளிரும்படி செதில்கள் வைத்தார். சிறிய நிலைக்காந்தம் போதும்படி வடிவத்தை மாற்றினார். ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைவதற்கு ஒரு மாதம் முன்பு, பிரெஞ்சுப் பொறியாளர் மோரிஸ் போன்ட் வெம்பிளிக்கே வந்து, ஆக்சைடு பூசிய எதிர்மின்வாய் கொண்ட தம் நாட்டுக் குழலைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நுட்பமும் சேர்ந்ததும் ஆற்றல் பல கிலோவாட்டாக உயர்ந்தது. இப்படி உருவான மாதிரிக்கு ஈ1189 என்று பெயர்.

அந்த வரிசையின் 12ஆவது குழல்தான் 1940 ஆகஸ்ட் இறுதியில் பிரிட்டன் அனுப்பிய டிசார்ட் அறிவியல் தூதுக்குழுவோடு கடல் கடந்து அமெரிக்கா போனது. அக்டோபரில் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பொறியாளர்கள் குழம்பிப்போனார்கள். கையில் இருந்த வரைபடத்தில் ஆறு குழிகள், எக்ஸ்ரேயில் எட்டு. வெம்பிளியைக் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. மெகா முதல் பத்துக் குழல்களை ஆறு குழியோடும், பதினோராவதை ஏழு குழியோடும், பன்னிரண்டாவதை எட்டுக் குழியோடும் செய்து பார்த்திருந்தார். தூதுக்குழுவின் பெட்டிக்குள் போனது அந்தக் கடைசிக் குழல்.

போர்க்காலத்தில் மேக்னட்ரானைப் பெருமளவில் செய்த நிறுவனங்களில் அமெரிக்காவின் ரேதியான் ஒன்று. அதன் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் நுண்ணலையால் உணவைச் சூடாக்கும் முறைக்கு 1945 அக்டோபரில் காப்புரிமை கோரினார். 1947இல் வந்த ரேடாரேஞ்ச் அடுப்பு ஆள் உயரத்துக்கு இருந்தது, எடை 340 கிலோ. போருக்குப் பிறந்த கருவி அப்படித்தான் அடுப்பங்கரைக்கு வந்தது. அதற்குள் இருந்த இயற்பியல் உணவுக்கு மட்டும் உரியதல்ல. தண்ணீர் இருக்கும் எதையும் அது சூடாக்கும். கசட்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்.

மோக்டனில் கசடு எங்கே போனது

1930களின் தொடக்கம் வரை மேற்கு மிடில்செக்ஸ் பகுதியில் ஊருக்கு ஊர் சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. புறநகர் பெருகியதும் அவை தாக்குப்பிடிக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட அந்த நிலையங்களை மூடிவிட்டு, நெடுந்தூரக் கால்வாய்களால் கழிவுநீரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொறியாளர் ஜான் டங்கன் வாட்சன் திட்டமிட்ட மோக்டன் நிலையம் 1936இல் திறக்கப்பட்டது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கழிவுநீர் அங்கே சுத்தமாகித் தேம்ஸ் நதிக்குப் போகிறது.

சுத்தமான நீர் நதிக்குப் போய்விடும். நீரிலிருந்து பிரித்தெடுத்த அழுக்கு எங்கே போகும்? கழிவுநீர்ப் பொறியியலில் பாதிச் சிக்கல் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மோக்டனில் கசட்டை மூடிய கலன்களில் செரிக்க வைத்து, அதிலிருந்து வரும் எரிவாயுவால் நிலையத்தின் எஞ்சின்களை ஓட்டினார்கள். எஞ்சிய கசட்டைக் குழாய் வழியே மேற்கே பெரி ஓக்ஸ் என்ற இடத்துக்கு அனுப்பித் திறந்த படுகைகளில் உலர விட்டார்கள். ஹீத்ரோ விமான நிலையம் வளர்ந்து அந்தப் படுகைகளைச் சூழ்ந்துகொண்டது. 2008இல் திறந்த ஐந்தாம் முனையம் நிற்பது அந்த நிலத்தில்தான். கசட்டைக் கையாளும் பணி அதற்கு முன்பே வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது.

கிழக்கு லண்டனில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. பெக்டன், கிராஸ்னஸ் நிலையங்களின் கசட்டை 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்த வேலை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டுக் கழிவுநீர் ஆணையின்படி 1998 முடிவோடு நின்றது. அதே ஆண்டு இரு இடங்களிலும் கசடு எரிக்கும் உலைகள் வந்தன. பிற நிலையங்களின் கசடு பெரும்பாலும் வயலுக்கு உரமாகப் போகிறது. அதற்கு 1989ஆம் ஆண்டு விதிகள் வரம்பு கட்டுகின்றன.

கடல் மூடிக்கொண்டது, நிலத்தின் விலை ஏறிவிட்டது, உரமாக வேண்டுமானால் கிருமி இருக்கக் கூடாது. இந்த மூன்று நெருக்கடியும் சேர்ந்துதான் கசட்டைச் சூடாக்கும் தொழில்நுட்பங்களுக்கு வாசல் திறந்தன.

கசடு ஏன் அடங்காத பொருள்

1914இல் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகியோர் மான்செஸ்டரின் டேவிஹல்ம் நிலையத்தில் நடத்திய சோதனைகளிலிருந்து பிறந்தது இன்று உலகெங்கும் பரவியுள்ள சுத்திகரிப்பு முறை. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகித் திரள் திரளாகப் படியும். அந்தத் திரளே கசடு. ஆக, கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளிவரும் கசட்டில் கணிசமான பங்கு பழைய அழுக்கே அன்று. அழுக்கைத் தின்று வளர்ந்த பாக்டீரியாக்களின் உடல்.

அந்த உடல்கள் சும்மா கிடப்பதில்லை. தம்மைச் சுற்றிப் புரதமும் சர்க்கரைத் தொடர்களும் கலந்த ஒரு பிசினைச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீர் அந்தப் பிசினுக்குள் சிக்கிக்கொள்கிறது. படியவைத்த கசட்டில் 100 கிலோவுக்குத் திடப்பொருள் 4 கிலோதான் தேறும், மீதி நீர். அழுத்திப் பிழிந்தாலும் 20 முதல் 25 கிலோ வரைக்கும்தான் வரும்.

காற்றில்லாத கலனில் கசட்டைச் செரிக்க வைக்கும்போதும் இதே பிசினும் உயிரணுச் சுவரும் தடையாகின்றன. மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு உணவு அந்தச் சுவருக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டு உடையும் வேகம்தான் மொத்தச் செரிமானத்தின் வேகம். எனவே கலனுக்கு அனுப்புமுன் கசட்டைச் சூடாக்கி உயிரணுக்களை உடைத்துவிட்டால் எரிவாயு விரைவாகவும் கூடுதலாகவும் வரும், செரித்து மிஞ்சும் கசடு குறையும், அதிலிருந்து நீரைப் பிழிவதும் எளிதாகும். கொதிநீராவியால் இதைச் செய்யலாம். நுண்ணலையாலும் செய்யலாம்.

அலை உள்ளே போய் என்ன செய்கிறது

நுண்ணலைக் கருவிகள் பொதுவாக 2.45 கிகாஹெர்ட்சில் இயங்குகின்றன. மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை திசை மாறித் திரும்புகிறது. ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் கொண்ட நீர் மூலக்கூறு அந்தப் புலத்தோடு திரும்ப முயன்று பக்கத்து மூலக்கூறுகளோடு உராய்கிறது. கசட்டில் கரைந்துள்ள உப்பு அயனிகளும் முன்னும் பின்னும் இழுபடுகின்றன. இரண்டும் சேர்ந்து வெப்பமாகின்றன. கொதிகலனில் வெப்பம் சுவரிலிருந்து உள்ளே நகர வேண்டும். நுண்ணலையில் கசடே வெப்பம் பிறக்கும் இடம். கலனின் சுவரில் கசடு கருகி ஒட்டும் தொல்லையும் குறைவு.

கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் சிக்டெம் எஸ்கிசியோக்லு, கெவின் கென்னடி, ரோனல்ட் டிராஸ்ட் ஆகியோர் 2000களின் நடுவில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விக்டர் லோவின் குழு நுண்ணலையோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துக் கசட்டிலிருந்து பாஸ்பரசைக் கரைத்தெடுக்கும் வழியைத் தேடியது. உரத்துக்கான பாஸ்பேட் பாறை சில நாடுகளில் மட்டுமே குவிந்திருப்பதால் அந்தத் தேடலுக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த ஆய்வுகளின் நடுவே ஒரு விவாதம் எழுந்தது. நுண்ணலை வெப்பத்தால் மட்டும்தான் வேலை செய்கிறதா, வெப்பத்துக்கு மேற்பட்ட தனிவிளைவு ஏதும் உண்டா? வேகமாகத் திசை மாறும் புலம் புரதச் சங்கிலியின் பிணைப்புகளை நேரடியாகவே அறுக்கலாம் என்று சிலர் எண்ணினார்கள். ஒட்டாவா குழு 2007இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கரைந்து வெளிவந்த கரிமப்பொருளின் அளவில் நுண்ணலைக்கும் சாதாரணச் சூட்டுக்கும் வேறுபாடு தென்படவில்லை, எரிவாயுவில் மட்டும் சிறு கூடுதல் தெரிந்தது. சூடேறும் வேகத்தையும் ஆறும் வேகத்தையும் இரு பக்கமும் ஒன்றாக வைத்துப் பின்னர் செய்த சோதனைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விளைவைத் தந்தன.

இது முக்கியமான முடிவு. நுண்ணலைக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. 70 பாகை செல்சியஸ் என்றால் எந்த வழியில் வந்தாலும் கசட்டுக்கு 70 பாகைதான். அப்படியானால் எந்த வழியில் அந்த வெப்பம் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கிறது என்பதே மிஞ்சும் கேள்வி.

வரவும் செலவும்

ஒரு டன் கசட்டை எடுத்துக்கொள்வோம். திடப்பொருள் 4 விழுக்காடு, அதாவது 40 கிலோ. லண்டன் குளிரில் 15 பாகையில் இருக்கும் அதை 70 பாகைக்கு ஏற்ற வேண்டும். பெரும்பகுதி நீர் என்பதால் நீரின் வெப்பக் கொள்ளளவை வைத்தே கணக்கிடலாம். ஏறத்தாழ 64 யூனிட் வெப்பம் வேண்டும், யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. மின்சாரம் நுண்ணலையாகி, அலை கசட்டுக்குள் வெப்பமாவதற்குள் சுமார் 40 விழுக்காடு வீணாகிறது என்று கொண்டால், மின்மீட்டரில் 107 யூனிட் ஓடும்.

இனி வரவு. 40 கிலோவில் கரிமப்பொருள் முக்கால் பங்கு, 30 கிலோ. அதில் பாதி செரிக்கும், 15 கிலோ. கிலோவுக்குச் சுமார் ஒரு கனமீட்டர் எரிவாயு, அதில் மூன்றில் இரு பங்கு மீத்தேன். ஆக 10 கனமீட்டர் மீத்தேன், அதன் வெப்பம் 100 யூனிட் அளவு. எஞ்சினில் எரித்து மின்சாரமாக்கினால் 40 யூனிட் வரும். நுண்ணலையின் புண்ணியத்தில் எரிவாயு 30 விழுக்காடு கூடியதாக வைத்துக்கொண்டாலும் கூடுதல் மின்சாரம் 12 யூனிட். செலவு 107, கூடுதல் வரவு 12.

கசட்டைக் கெட்டியாக்கிவிட்டுச் சூடாக்கினால்? திடப்பொருளை 16 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் அதே ஒரு டன்னிலிருந்து கூடுதல் வரவு 48 யூனிட் ஆகும், செலவு அதே 107ஐ ஒட்டி நிற்கும். கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதி எப்படியும் செரிப்புக்கலனை 35 பாகையில் வைத்திருக்கத் தேவைப்படுவது என்பதைக் கழித்தாலும் கணக்கு முழுதாக நேராவதில்லை.

நீராவி இங்கேதான் வெல்கிறது. எரிவாயு எஞ்சின் மின்சாரம் தரும்போதே அதன் புகைபோக்கியிலும் குளிர்நீரிலும் வெப்பம் வெளியேறுகிறது. புகைபோக்கி வெப்பத்தைக் கொண்டு நீராவி செய்தால் எரிபொருள் செலவு பெரிதும் குறையும். நார்வேயின் கேம்பி நிறுவனம் இந்த வழியில்தான் போனது. 16 விழுக்காட்டை ஒட்டிக் கெட்டியாக்கிய கசட்டை அழுத்தக் கலனில் அடைத்து, 165 பாகையில் அரைமணி நேரம் நீராவியில் வேகவைத்து, அழுத்தத்தைச் சட்டென்று குறைத்து உயிரணுக்களை வெடிக்க வைக்கும் முறை அது. 1995இல் நார்வேயின் ஹாமரில் தொடங்கி, இன்று லண்டனின் பெக்டன், கிராஸ்னஸ் நிலையங்களிலும், ஆர்டெர்னும் லாக்கெட்டும் சோதனை செய்த அதே டேவிஹல்மிலும் ஓடுகிறது. எஞ்சினின் மிச்ச வெப்பம் கையில் இருக்கும்போது உயர்ந்த விலை மின்சாரத்தை எரித்து வெறும் சூடாக்குவது பெரிய நிலையத்துக்குக் கட்டுபடியாகாது.

இன்னொரு தடை அலையின் ஆழம். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை ஈரக் கசட்டுக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் வலுவோடு போவதில்லை. வீட்டு மைக்ரோவேவில் குழம்பு ஓரம் கொதித்து நடுவில் குளிர்ந்திருப்பதும் இதனால்தான். ஓர் அடி விட்டமுள்ள குழாயில் ஓடும் கசட்டை அப்படிச் சூடாக்க முடியாது. 900 மெகாஹெர்ட்சை ஒட்டிய நீண்ட அலை இன்னும் ஆழம் போகும். அதில் இயங்கும் தொழிற்சாலை மேக்னட்ரான்கள் 100 கிலோவாட் வரை கிடைக்கின்றன, மின்சாரத்தை அலையாக்குவதிலும் அவை சிறந்தவை. ஆனாலும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் கசட்டுக்கு எத்தனை குழல் வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கொதிகலன் எளிதாகத் தெரியும்.

உலர்த்துவதிலும் இதே பாடம். பிழிந்தெடுத்த ஒரு டன் கசட்டில் 200 கிலோ திடப்பொருள் இருக்கட்டும். அதை 90 விழுக்காடு உலர்ந்த துகளாக்க 778 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு இயற்கை விதிக்கும் குறைந்தபட்சக் கட்டணமே 490 யூனிட். எந்த அலையும் இதைக் குறைக்காது. ஸ்பெயினின் ஓவியேடோவில் ஆய்வாளர்கள் மெனெண்டெசும் டொமிங்கெசும் இன்னும் மேலே போய், நுண்ணலையால் கசட்டைக் காற்றில்லாமல் சுட்டு எரிவாயுவும் கரியும் ஆக்கிப் பார்த்தார்கள். நீர் வற்றியதும் கசடு அலையை உறிஞ்ச மறுத்தது. சூடு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை. சிறிது கரித்தூளைக் கலந்ததும் கரி அலையை வாங்கிக்கொண்டு 900 பாகை வரை கொண்டுபோனது. நல்ல அறிவியல். ஆனால் அதற்கும் முதலில் நீரை ஓட்டியாக வேண்டும்.

குழாய் இல்லாத இடத்தில் கணக்கு மாறும்

இதுவரை போட்ட கணக்கு மோக்டன் போன்ற நிலையத்துக்கானது. இப்போது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போவோம். அங்கே பெரிய ஆறு இல்லை. குடிநீர் என்றால் கிணறு. நிலத்தடியில் விரிசலும் குகையுமான சுண்ணக்கல். மேலிருந்து இறங்கும் எதுவும் வடிகட்டப்படாமல் விரைவில் கிணற்று நீரோடு கலந்துவிடும். தோட்டங்களின் உரத்தாலும் மலக்குழிகளின் கசிவாலும் கிணறுகளில் நைட்ரேட் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழி நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சிப் போகும். அந்தக் கசடு ஒரு வெளியில் கொட்டப்பட்டால், அதே சுண்ணக்கல்லின் வழியே இன்னொரு வீட்டின் கிணற்றைத் தேடிப் போகும்.

தமிழ்நாட்டிலும் பெரும்பாலான பேரூராட்சிகளில் நிலத்தடிச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். 2014இல் மாநில அரசு மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கருங்குழியில் 2017இல் தனியாக ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களிலும் அடுத்தடுத்து அமைந்தன. இவற்றின் அடிப்படை எளிமையானது. லாரி கொண்டுவரும் கசட்டைப் படுகையில் பரப்பி, நீரை வடித்து, வெயிலில் காயவிடுவது. நம் நாட்டு வெயிலுக்கு இதைவிடச் சிக்கனமான முறை வேறில்லை.

இந்த முறைக்கு இரண்டு பலவீனங்கள். முதலாவது, உருளைப்புழுவின் முட்டை. அதன் கெட்டியான ஓடு வெயிலையும் வறட்சியையும் பல மாதம் தாங்கும். வெப்ப நாடுகளில் கசட்டை ஓராண்டுக்கு மேல் சேமித்து வைத்த பிறகே வயலுக்கு இடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அறிவுரை. ஓராண்டுச் சேமிப்புக்கு இடம் வேண்டும். இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவம் இறங்கினால் குடாநாட்டிலும் தமிழகக் கரையோரத்திலும் படுகை காயாது. குழிகள் நிரம்பி வழிவதும் அதே மாதங்களில்தான். கசடு மிகுந்து வரும் காலமும் வெயில் கைவிடும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

நெதர்லாந்தின் ஐஎச்இ டெல்ஃப்ட் கல்வி நிறுவனத்தில் பீட்டர் மவியூ, தமிர் பர்ஜனோவிச் உள்ளிட்டோர் நுண்ணலையை எடுத்துக்கொண்டது இத்தகைய இடங்களை மனத்தில் வைத்துத்தான். அகதி முகாம், வெள்ளம் பாய்ந்த நகரம், நெருக்கமான குடிசைப் பகுதி என்று குழாயும் காலமும் இடமும் இல்லாத சூழலுக்கு ஒரு கருவி வேண்டும் என்று தேடினார்கள். கழிப்பறைக் கசடு, செப்டிக் டேங்க் கசடு, சுத்திகரிப்பு நிலையக் கசடு ஆகியவற்றை நுண்ணலைக் கலனில் வைத்துச் சோதித்து 2016, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈ.கோலை பாக்டீரியாவும் உருளைப்புழு முட்டையும் கண்டறியும் அளவுக்குக் கீழே போயின. கசட்டின் அளவும் பாதிக்கு மேல் குறைந்தது. மாதக்கணக்கில் ஆகும் வேலை நிமிடக்கணக்கில் முடிந்தது.

நம் ஊர் அளவில் செலவு எவ்வளவு ஆகும்? லாரி ஒன்றில் 5,000 லிட்டர், திடப்பொருள் 2 விழுக்காடு, அதாவது 100 கிலோ என்று வைப்போம். 30 பாகையிலிருந்து 70க்கு அத்தனையையும் அப்படியே சூடாக்கினால் வீணாவதையும் சேர்த்து 390 யூனிட் போகும். முதலில் நீரை வடித்து 500 கிலோ கெட்டிக் கசடாக்கிவிட்டுச் சூடாக்கினால் 40 யூனிட் போதும். அந்த 500 கிலோவை நுண்ணலையாலேயே முழுக்க உலர்த்தப் போனால் 470 யூனிட்டுக்கு மேல் வேண்டும்.

வழி இந்த மூன்று எண்ணிலேயே தெரிகிறது. நீரை வடிக்கப் படுகையும் பிழிபொறியும், உலர்த்த வெயில், கிருமியைக் கொல்ல மட்டும் நுண்ணலை. அமெரிக்க விதிகளின்படி 70 பாகையில் அரைமணி நேரம் வைத்த கசடு கிருமியைப் பொறுத்தவரை தடையின்றிப் பயன்படுத்தத் தக்கது. ஒரு லாரிக்கு 40 யூனிட் என்றால் கூரையில் பதித்த சூரியத் தகடுகளாலேயே பகலில் அதைப் பெருமளவு ஈடுகட்டலாம். மழைக்காலத்தில் மின்வாரியத்திடம் வாங்கினாலும் பேரூராட்சிக்குக் கைமீறிய செலவு ஆகாது. செரிப்புக்கலனும் எரிவாயு எஞ்சினும் இல்லாத இடத்தில் மிச்ச வெப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே நீராவிக்குக் கொதிகலனும் விறகும் உரிமம் பெற்ற ஆளும் வேண்டும். நுண்ணலைக்கு மின்இணைப்பும் பூட்டிய உலோகப் பெட்டியும் போதும், பொத்தானை அழுத்திய உடனே வேலை தொடங்கும், நாளுக்கு இரண்டு லாரி வந்தாலும் பத்து வந்தாலும் அதற்கேற்ப ஓட்டலாம்.

கதிர்வீச்சால் கசட்டைத் தூய்மையாக்கும் பெரிய முயற்சி ஒன்று இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தோடு, நாளொன்றுக்கு 100 டன் உலர்கசட்டைக் கோபால்ட்-60 காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்யும் நிலையம் 2019இல் ஆமதாபாத்தில் தொடங்கியது. பெருநகருக்கு அது பொருந்தும். காமா மூலத்துக்குத் தடித்த கான்கிரீட் சுவரும் அணுசக்தி ஒழுங்குமுறை அனுமதியும் வேண்டும் என்பதால் கருங்குழிக்கோ யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்கோ அது பொருந்தாது. நுண்ணலை அயனியாக்காத கதிர். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

அலையால் ஆகாதவை

நுண்ணலையின் எல்லையைச் சொல்லாமல் அதைப் பரிந்துரைப்பது முறையன்று. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அது தொடாது. சூட்டில் நீர் போகப் போக அவற்றின் செறிவு கூடவே செய்யும். எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்களும் நுண்நெகிழித் துகள்களும் 70 பாகையில் அப்படியே இருக்கும். வயலுக்குப் போகும் கசட்டில் இவற்றை அளந்து வரம்பிடும் விதி எந்தத் தொழில்நுட்பத்தோடும் கூடவே வர வேண்டும். வடித்தெடுத்த நீரிலும் கிருமி உண்டு. நாணல் படுகையோ குளமோ இல்லாமல் அதை வாய்க்காலில் விட்டால் கசட்டைச் சூடாக்கியது வீண். கிருமி நீங்கிய கசடு பச்சைக் கசட்டோடு மறுபடி கலந்தால் பாக்டீரியா மீண்டும் பெருகும், எனவே இரண்டுக்கும் தனித்தனி வாசல் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எல்லை குழிக்கும் கலனுக்கும் இடையில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 2013இல் வந்த பிறகும், செப்டிக் டேங்குக்குள் இறங்கி விஷவாயுவில் மூச்சடைத்துச் சாகும் தொழிலாளர் செய்தி தமிழ்நாட்டில் நிற்கவில்லை. கலன் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், கசடு அதற்குள் வந்து சேர ஒரு மனிதன் குழிக்குள் இறங்க வேண்டியிருந்தால் அந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். உறிஞ்சும் பொறியும் நீண்ட குழலும் காப்பீடும் பயிற்சியும் முதல் செலவுக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது தெளிவு. கசட்டின் தன்மை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் மாறும், ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் எண்ணை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஏற்கெனவே படுகைகள் உள்ள தமிழ்நாட்டு நிலையம் ஒன்றிலும் யாழ்ப்பாணத்தில் ஒன்றிலும் சிறு நுண்ணலைக் கலனை வைத்து, ஒரு முழு ஆண்டு, ஐப்பசி மழையையும் உள்ளடக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். டன்னுக்கு எத்தனை யூனிட், எத்தனை முட்டை மிஞ்சியது, குழல் எத்தனை மணி நேரம் தாங்கியது, பழுதானால் உள்ளூரில் யார் சரிசெய்தார் என்ற நான்கு கேள்விக்கும் விடையை ஊராருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இதைச் செய்யக்கூடிய பொறியியல் துறைகள் இருக்கின்றன. வெம்பிளியில் குடியேறி அங்கேயே பொறியாளராகவும் வேதியியலாளராகவும் வேலை பார்க்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் பணம் அனுப்பும் சங்கங்களும் இருக்கின்றன. அந்த அறிவும் பணமும் ஊரின் கிணற்றைக் காக்கவும் போக வேண்டும். வெம்பிளியில் கழிவைப் பற்றி நினைக்காமல் வாழ முடிவது, 90 ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளாட்சி மன்றம் அதற்குப் பணமும் பொறுப்பும் ஏற்றதால்தான். அந்தப் பொறுப்பை ஏற்க ஊரில் உள்ள சபைகளும் அரசும் முன்வராவிட்டால் எந்த அலையும் உதவாது. முன்வந்தால், மலக்குழியைச் சார்ந்த ஒரு சிற்றூருக்கு 40 யூனிட் மின்சாரத்தில் ஒரு லாரிக் கசட்டின் நோயை ஒழிக்க இப்போதே வழி இருக்கிறது.